ஆங்கில ஆசிரியர்கள் தங்களுக்குள் கூடிப் பேசுவதால் வகுப்பறையில் உண்மையிலேயே மாற்றம் வருமா?

கேள்வி கேட்டவர் தம் நிலையைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறார். பணியிடைப் பயிற்சிகளுக்குப் பலமுறை சென்றுவந்தும் வகுப்பறையில் பெரிதாக எதுவும் மாறவில்லை. ஆகவே ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர்கள் சிலர் தாங்களாகவே மாதம் ஒருமுறை கூடிப் பேச நினைக்கிறார்கள். அதனால் பயன் உண்டா, உண்டென்றால் எதைப் பற்றி எப்படிப் பேசுவது என்று கேட்கிறார். இத்தகைய ஆசிரியர் வட்டங்களில் நெடுங்காலமாகக் கலந்துகொண்டும் சிலவற்றை ஒருங்கிணைத்தும் வரும் ஆசிரியர் என்ற முறையில் சொல்கிறேன்: நிச்சயமாகப் பயன் உண்டு, ஆனால் அது ஒரு நிபந்தனைக்கு உட்பட்டது. கூடியிருப்பவர்களில் யாரேனும் ஒருவருடைய வகுப்பில் உண்மையில் நடந்த ஒன்று, எல்லோரும் கையில் வைத்துப் பார்க்கக்கூடிய வடிவில் அங்கே இருந்தாக வேண்டும். அது ஒரு மாணவர் எழுதிய கட்டுரையாக இருக்கலாம், சில நிமிட ஒலிப்பதிவின் எழுத்துப்படியாக இருக்கலாம், ஒரு வினாத்தாளாகக்கூட இருக்கலாம். அப்படி ஒன்று இல்லாதபோது பேச்சு பாடநூலின் குறைகள், மாணவர்களின் ஆர்வமின்மை, நேரப் பற்றாக்குறை என்று நகர்ந்து, மனச்சுமையை இறக்கிவைத்த நிறைவோடு முடிந்துவிடுகிறது. அந்த நிறைவும் மதிக்கத்தக்கதே. ஆனால் நீங்கள் கேட்ட மாற்றம் அதனால் வராது.

பயிற்சிகள் ஏன் வகுப்பறைக்குள் வந்து சேர்வதில்லை என்பதை முதலில் பார்க்க வேண்டும். அமெரிக்கச் சமூகவியலாளர் டேன் லார்ட்டி 1975-இல் ஆசிரியப் பணியைப் பற்றி எழுதியபோது, பள்ளிப் படிப்பை முடிக்கும் ஒருவர் அதற்குள் ஏறத்தாழ 13,000 மணி நேரம் ஆசிரியர்களுக்கு எதிரில் உட்கார்ந்திருக்கிறார் என்று கணக்கிட்டார். அந்த நேரம் முழுவதும் ஆசிரியர் செய்வதைப் பார்க்கிறோமே தவிர, ஏன் அப்படிச் செய்கிறார் என்பது நமக்குத் தெரிவதில்லை. காரணம் தெரியாமல் கண்ணால் பார்த்துப் பழகியவை நம்மை அறியாமலே நமக்குள் வேரூன்றிவிடுகின்றன. இரண்டு நாள் பயிற்சியில் கருத்தாளர் ஒருவர் புதிய உத்தி ஒன்றைச் செய்து காட்டும்போது அதை ரசிக்கிறோம், குறிப்பெடுக்கிறோம். மறுநாள் வகுப்பில் ஒரு நெருக்கடி வந்தவுடன் கை தானாகவே பழைய வழிக்குப் போய்விடுகிறது. உத்தியைக் கொடுத்தவர்கள் நம் பழைய பழக்கத்தைத் தொடவே இல்லை என்பதுதான் இதற்குக் காரணம்.

இந்த இடத்தில் நாம் நன்றியோடு நினைக்க வேண்டியவர் என். எஸ். பிரபு. 1979 முதல் 1984 வரை தென்னிந்தியப் பள்ளிகளில் நடந்த, பெங்களூரு திட்டம் என்று உலகமெங்கும் அறியப்பட்ட முயற்சிக்குத் தலைமை தாங்கியவர் அவர். இலக்கண விதிகளை நேரடியாக நடத்தாமல், மாணவர்கள் சிந்தித்துத் தீர்க்க வேண்டிய செயல்பாடுகளின் வழியாக ஆங்கிலத்தைக் கற்பித்துப் பார்த்தது அத்திட்டம். அவ்வளவு புகழ்பெற்ற ஒரு முறையை வகுத்தவரே, 1990-இல் எழுதிய கட்டுரையில், எல்லோருக்கும் பொருந்தும் சிறந்த கற்பித்தல் முறை என்று ஒன்றைத் தேடுவதே சரியா என்று கேட்டார். தாம் செய்வது மாணவருக்கு எப்படிப் பயன்படுகிறது என்பதைப் பற்றி ஆசிரியருக்குள் ஓர் உயிருள்ள புரிதல் இருக்க வேண்டும், இயந்திரம்போல் நடத்தும் பழக்கமே நல்ல கற்பித்தலுக்குப் பகை என்பது அவருடைய வாதம். அந்தப் புரிதல் ஆளுக்கு ஆள் வேறுபடும். ஒருவருடைய புரிதல் இன்னொருவருடையதோடு உரசும்போதுதான் இரண்டும் வளர்கின்றன. ஆசிரியர்கள் ஏன் கூடிப் பேச வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான காரணத்தை நான் படித்ததில்லை.

இந்த உரசல் எப்படி இருக்கும் என்பதற்கு எங்கள் வட்டத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஓர் ஆசிரியை, இறந்தகாலம் பற்றிய தம் பாடவேளையின் ஒலிப்பதிவிலிருந்து நான்கே வரிகளை எழுதிக்கொண்டு வந்திருந்தார். அவர் வகுப்பைப் பார்த்து "வாட் டிட் யூ டூ ஆன் சண்டே?" என்று கேட்கிறார். ஒரு மாணவி எழுந்து, "மை கிராண்ட்மதர் ஃபால் டவுன். வீ கோ ஹாஸ்பிட்டல்" என்கிறாள். ஆசிரியை உடனே, "ஃபெல் டவுன். வீ வென்ட் டு தி ஹாஸ்பிட்டல். குட். நெக்ஸ்ட்?" என்கிறார். மாணவி "வென்ட்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறாள்.

இந்த நான்கு வரிகளைப் பற்றி நாங்கள் ஒரு மணி நேரத்துக்கும் மேல் பேசினோம். பாட்டி விழுந்துவிட்டதாகச் சொல்லும் குழந்தைக்கு "குட்" என்ற சொல் எப்படிக் கேட்டிருக்கும் என்று ஒருவர் கேட்டார். மாணவி "வென்ட்" என்று மட்டும்தான் திருப்பிச் சொன்னாள், "ஃபெல்" என்று சொல்லவில்லை, ஒரே மூச்சில் இரண்டு திருத்தங்களைச் சொன்னதில் முதலாவது அவள் காதில் விழுந்ததா என்று இன்னொருவர் கேட்டார். ஆசிரியை தம் காரணத்தைச் சொன்னார்: அந்த இடத்தில் நின்று விளக்கினால் மாணவி எல்லோர் முன்னும் கூசிப்போவாள் என்று நினைத்துத்தான் வேகமாகத் திருத்திக் கடந்தாராம். அந்தக் காரணத்தை எல்லோரும் மதித்தோம், ஏனென்றால் அது அக்கறையிலிருந்து வந்தது. ஆசிரியர் கேட்பது, மாணவர் விடை சொல்வது, ஆசிரியர் மதிப்பிடுவது என்ற மூன்றடுக்கு ஒழுங்கை மொழியியலாளர்கள் சின்கிளேரும் கூல்தார்டும் 1975-இலேயே வகுப்பறைப் பேச்சுகளிலிருந்து பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். அந்த ஒழுங்கு இந்த நான்கு வரிகளில் கண்கூடாகத் தெரிந்தபோது ஆசிரியையே, "நான் கேட்டது கேள்வியே இல்லை, பயிற்சி வாக்கியம், அவள்தான் அதைக் கேள்வி என்று நம்பி விடை சொல்லியிருக்கிறாள்" என்றார். அவருக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவருடைய வகுப்பை அவரே புதிதாகப் பார்த்தார்.

அதன்பிறகு ஓர் ஆய்வைப் பற்றிப் பேசியது பொருத்தமாக இருந்தது. ராய் லிஸ்டரும் லைலா ராண்டாவும் 1997-இல் கனடாவில், பிரெஞ்சு மொழியிலேயே பாடங்கள் நடக்கும் வகுப்புகளை ஆராய்ந்து, ஆசிரியர்கள் பிழை திருத்தும் வழிகளை ஆறு வகைகளாகப் பிரித்தார்கள். மாணவர் சொன்னதையே சரியான வடிவில் திருப்பிச் சொல்லும் வழிதான் பாதிக்கும் மேற்பட்ட இடங்களில் கையாளப்பட்டது. ஆனால் அப்படித் திருத்தியபோது ஏறத்தாழ 31 விழுக்காட்டு இடங்களில்தான் மாணவர்களிடமிருந்து எதிர்வினை ஏதேனும் வந்தது. சரியான வடிவத்தை மாணவரிடமிருந்தே வரவழைக்க முயன்றபோது எதிர்வினை வரத் தவறவில்லை. இந்தச் செய்தியைப் பயிற்சி வகுப்பில் திரையில் பார்த்திருந்தால் ஒரு தகவலாகக் கடந்துபோயிருக்கும். "வென்ட்" என்று சொல்லி உட்கார்ந்த மாணவியைப் பார்த்தபின் படித்ததால் அது எங்கள் கேள்விக்கு வந்த பதிலாக இருந்தது. கட்டுரைகளை முதலில் படித்துவிட்டு வகுப்பறைக்கு வருவதைவிட, வகுப்பறையிலிருந்து கிளம்பிக் கட்டுரைக்குப் போவதே இத்தகைய கூட்டங்களுக்கு ஏற்றது என்பது என் உறுதியான கருத்து.

அடுத்த மாதம் அந்த ஆசிரியை இன்னொரு பதிவைக் கொண்டுவந்தார். மாணவர் சொல்லும் செய்திக்கு முதலில் பதில் சொல்லிவிட்டுப் பிறகு மொழிக்கு வரும்படி மாற்றியிருந்தார். மாணவர்களின் பேச்சு நீண்டிருந்தது, ஆனால் இறந்தகாலப் பிழைகள் குறையவில்லை. அப்படியென்றால் எப்போதுதான் திருத்துவது என்ற அடுத்த கேள்வியோடு அன்றைய கூட்டம் தொடங்கியது. ஒரு கூட்டம் உயிரோடு இருக்கிறது என்பதற்கு நான் பார்க்கும் அடையாளம் இதுதான்: கேள்வி தீர்ந்துபோவதில்லை, கூர்மையாகிறது.

எப்படிப் பேசுவது என்பதற்கு வருகிறேன். ஆசிரியர்கள் கூடும் இடத்தில் அறிவுரை மிக விரைவாக வந்துவிடும். ஒருவர் தம் சிக்கலைச் சொல்லி முடிக்கும் முன்பே "நான் என்ன செய்வேன் என்றால்" என்று இன்னொருவர் தொடங்கிவிடுவார். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார், ஆனாலும் அந்த நொடியில் சிக்கலைச் சொன்னவர் சிந்திப்பதை நிறுத்திவிட்டுத் தற்காத்துக்கொள்ளத் தொடங்குகிறார். "அதையும் செய்துபார்த்துவிட்டேன்" என்ற பதில் வந்துவிட்டால் உரையாடல் அங்கேயே நின்றுவிட்டது என்று பொருள். ஆங்கிலம் கற்பிப்போருக்காக ஜூலியன் எட்ஜ் 1992-இல் முன்வைத்த கூட்டு வளர்ச்சி முறை இதற்கு ஒரு நல்ல மருந்து. அதில் ஒருவர் பேசுபவர், மற்றவர் புரிந்துகொள்பவர். புரிந்துகொள்பவர் தம் கருத்தையோ அனுபவத்தையோ அறிவுரையையோ சொல்லக் கூடாது. கேட்டதைத் தம் சொற்களில் திருப்பிச் சொல்லி, "நீங்கள் சொல்வது இதுதானா?" என்று உறுதிசெய்துகொள்ளலாம். தொடக்கத்தில் இது செயற்கையாகத்தான் இருக்கும். ஆனால் தாம் சொன்னதை இன்னொருவர் வாயால் கேட்கும்போது, "இல்லை, நான் சொல்லவந்தது அதுவல்ல" என்று பேசுபவர் தம் எண்ணத்தை மேலும் துல்லியமாக்கிக்கொள்வதைப் பலமுறை நேரில் பார்த்திருக்கிறேன். கூட்டம் முழுவதையும் இப்படி நடத்த வேண்டியதில்லை. முதல் பதினைந்து இருபது நிமிடங்கள் அறிவுரைக்கு இடமில்லை என்று ஒப்புக்கொண்டாலே போதும்.

எதைக் கொண்டுவருவது என்று தயங்குபவர்களுக்கு நான் முதலில் சொல்வது மாணவர் கட்டுரை. ஒரே கட்டுரையைப் பெயர் நீக்கிப் படியெடுத்து எல்லோருக்கும் கொடுத்து, ஒருவரோடொருவர் பேசாமல் மதிப்பெண்ணும் கருத்தும் எழுதச் சொல்லுங்கள். ஒருவர் ஒவ்வொரு எழுத்துப்பிழையையும் வட்டமிட்டிருப்பார். ஒருவர் எதையும் வட்டமிடாமல், "உன் நாயை எனக்கும் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது" என்று ஓரத்தில் எழுதியிருப்பார். மதிப்பெண்கள் எட்டிலிருந்து பதினான்கு வரை போகும். அப்போது யார் சரி என்று பார்ப்பதைவிட, எழுதிய மாணவர் இந்தத் தாள்களைப் பெற்றால் அடுத்த கட்டுரையை எப்படி எழுதுவார் என்று கேட்டுப் பாருங்கள். நல்ல எழுத்து என்று நாம் ஒவ்வொருவரும் மனத்துக்குள் எதை வைத்திருக்கிறோம் என்பது அந்த ஒரு மணி நேரத்தில் வெளிப்பட்டுவிடும்.

ஒலிப்பதிவைப் பொறுத்தவரை, பள்ளியின் அனுமதியும் மாணவர்களின் ஒப்புதலும் பெற்றுத்தான் பதிவுசெய்ய வேண்டும். கூட்டத்துக்கு எழுத்துப்படி போதும், பெயர்கள் வேண்டாம்.

கூட்டம் முடியும்போது அடுத்த சந்திப்புக்குள் செய்துபார்க்க ஒரு சிறிய மாற்றத்தைத் தேர்ந்துகொள்வது நல்லது. மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970-களில் அறிவியல் வகுப்புகளை ஆராய்ந்து, ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு நொடி அளவே காத்திருக்கிறார்கள் என்றும், அதை மூன்று நொடி அல்லது அதற்கு மேல் நீட்டித்தால் மாணவர்களின் விடைகள் நீள்கின்றன, பேசுபவர்களின் எண்ணிக்கையும் கூடுகிறது என்றும் காட்டினார். வேற்று மொழியில் விடையைத் தேடும் மாணவருக்கு அந்த இரண்டு நொடிகள் இன்னும் அதிகம் தேவை. எந்தச் செலவும் இல்லாத மாற்றம் இது. செய்துபார்த்தவர்கள் தங்கள் வகுப்பில் என்ன நடந்தது என்று சொல்வதிலிருந்தே அடுத்த கூட்டத்தைத் தொடங்கிவிடலாம்.

எண்ணிக்கை ஐந்து முதல் எட்டுப் பேர் வரை இருந்தால் எல்லோரும் பேச முடியும். பெரிய மாநாடுகளுக்கான தேவை வேறு. 1966-இல் தொடங்கிய டீசால், 1967-இல் தொடங்கிய ஐயாடெஃபில் போன்ற ஆங்கில ஆசிரியர்களுக்கான பன்னாட்டுச் சங்கங்களின் மாநாடுகள் உலகில் எங்கெங்கோ நடப்பவற்றை அறிமுகப்படுத்துகின்றன. அங்கே கேட்டதை உங்கள் மாணவர்களை வைத்து உரசிப் பார்க்கும் இடமாக இந்தச் சிறு வட்டம் இருக்கட்டும்.

கடைசியாக, பலர் வெளிப்படையாகச் சொல்லாத ஓர் அச்சத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆங்கில ஆசிரியர்கள் கூடும் இடத்தில் நம் ஆங்கிலத்தையே மற்றவர்கள் எடைபோடுவார்கள் என்ற பயம் பலருக்கு இருக்கிறது. நல்ல அனுபவமும் நுட்பமான கவனிப்பும் உள்ள ஆசிரியர்கள் இந்தப் பயத்தால் வாய் திறக்காமலே இருந்துவிடுவது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது. கலந்துரையாடலை எல்லோருக்கும் இயல்பாக வரும் மொழியில் நடத்துங்கள். ஆங்கிலத்தில் பேசிப் பழக விரும்புபவர்கள் இருந்தால் அதற்குத் தனியாக ஒரு பகுதியை ஒதுக்கலாம், இரண்டையும் கலக்க வேண்டாம். அதேபோல் தலைமையாசிரியரோ மேற்பார்வையாளரோ கலந்துகொண்டால், இங்கே பேசப்படுபவை பணி மதிப்பீட்டில் இடம்பெறாது என்ற உறுதியை அவரே எல்லோர் முன்னிலையிலும் கொடுக்க வேண்டும். அந்த உறுதி கிடைக்கவில்லையென்றால் அவர் இல்லாமல் கூடுவதே நல்லது. வருகை கட்டாயம் என்ற ஆணையும் வேண்டாம். வருகைப்பதிவேட்டுக்காக வருபவர் தம் வகுப்பின் நான்கு வரிகளை எடுத்துக்கொண்டு வரமாட்டார்.

முதல் கூட்டத்துக்கு உங்கள் வகுப்பிலிருந்து ஒன்றை நீங்களே எடுத்துச் செல்லுங்கள். பெருமைப்படத்தக்க பாடமாக அது இருக்கத் தேவையில்லை. ஏன் அப்படி நடந்தது என்று உங்களுக்கே இன்னும் விளங்காத ஓர் இடமாக இருக்கட்டும். ஆங்கிலக் கற்பித்தல் ஆய்வில் டிக் ஆல்ரைட் வலியுறுத்திய அணுகுமுறையும் இதுவே: உடனே தீர்க்க வேண்டிய சிக்கலாக எடுத்துக்கொள்ளாமல், புரிந்துகொள்ள வேண்டிய புதிராக அதை வைத்து, ஏன் என்று தொடங்கும் ஒரு கேள்வியாக ஒரே வரியில் தாளின் மேலே எழுதுங்கள். அதன் கீழே பதிவிலிருந்து ஐந்தாறு வரிகளோ, மாணவர் எழுதிய ஒரு பத்தியோ இருந்தால் போதும். வருபவர்கள் எத்தனை பேரோ அத்தனை படிகள் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த மாதம் யார் கொண்டுவருவது என்பதைக் கலைந்து செல்வதற்கு முன்பே முடிவுசெய்துவிடுங்கள்.