அந்த இரண்டு சதவீதம்

அன்புள்ள ஐயா,

ரேடியோ தொலைநோக்கியின் ரிசீவர் பற்றிய உங்கள் கட்டுரையில் ஓரிடம் இடிக்கிறது. முதல் ஆம்ப்ளிஃபயருக்கு முன்னால் வரும் ஒரு சாண் இணைப்புக்காக மாதக்கணக்கில் மெனக்கெடுவதாக எழுதியிருந்தீர்கள். அதில் இரண்டு சதவீதம் போனால்தான் என்ன? ஆம்ப்ளிஃபயர் ஆயிரம் மடங்கு பெருக்கும்போது அது ஈடாகிவிடாதா? அதையும் ஏன் உறையவைக்க வேண்டும்?

கே.

அன்புள்ள கே.,

போகிற இரண்டு சதவீதம் பெரிதல்ல, அந்த வழியில் உள்ளே வருவதுதான் வினை. அலையை விழுங்கும் பொருள் தன் வெப்பநிலைக்கு ஏற்ப அலையை உமிழவும் செய்யும். அறை வெப்பத்தில், அதாவது 290 கெல்வினில், 0.1 டெசிபெல் இழக்கும் கேபிள் (உங்கள் இரண்டு சதவீதத்துக்குச் சற்று மேல்) கிட்டத்தட்ட 7 கெல்வின் இரைச்சலைச் சேர்க்கும் (இந்த இரைச்சலையும் வெப்பநிலையாகவே அளப்பது எங்கள் வழக்கம்). நன்றாகக் குளிரூட்டிய ஆம்ப்ளிஃபயரே சில கெல்வின்தான் சேர்க்கிறது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

எது விண்ணிலிருந்து வந்தது, எது கேபிள் போட்டது என்று ஆம்ப்ளிஃபயருக்குத் தெரியாது. இரண்டையும் சேர்த்தே ஆயிரம் மடங்காக்கும். அதற்குப் பின்னால் சேரும் இரைச்சலோ ஆயிரத்தில் ஒரு பங்காகத்தான் கணக்கில் ஏறும், அங்கே தாராளமாக இருக்கலாம். மொத்த இரைச்சல் இரட்டித்தால் அதே மங்கலான மூலத்தைப் பிடிக்க நான்கு மடங்கு நேரம் வேண்டும். கேபிளை 20 கெல்வினுக்குக் குளிர்வித்தால் அது போடும் இரைச்சல் அரை கெல்வின்கூட வராது.

சிக்கல் இனிமேல்தான். குளிர்ந்த பகுதிக்குள் அலை வர வேண்டும், வெளி வெப்பம் வரக் கூடாது. செம்பு இரண்டையும் கடத்தும். துருப்பிடிக்காத எஃகு வெப்பத்தைத் தடுக்கும், ஆனால் அலையைத் தின்னும். ஆகவே மெல்லிய எஃகு வேவ்கைடு (அலையைக் கொண்டுசெல்லும் உலோகக் குழாய்), உட்புறம் சில மைக்ரான் செம்பு முலாம். 10 கிகாஹெர்ட்ஸில் மின்னோட்டம் செம்பின் மேல்தோலில், பெரும்பாலும் ஓரிரு மைக்ரானுக்குள் அடங்கிவிடுவதால் அதுவே போதும். முலாம் தடித்தால் வெப்பம் நுழையும், மெலிந்தால் இழப்பு. மாதங்கள் கரைவது இங்கேதான். (எல்லாம் முலாம் விவகாரம் என்று சொல்லிவிட முடியாது. ஒருமுறை ஆம்ப்ளிஃபயரை இரண்டு வாரம் சந்தேகப்பட்டேன். கடைசியில் ஒரு இணைப்பின் போல்ட் சரியாக முடுக்கப்படவில்லை. முடுக்காமல் விட்டதும் நான்தான்.)

ரேடியோ வானியலாளர்கள் பென்சியாஸும் வில்சனும் 1965இல் வெளியிட்ட அளவீட்டைப் பாருங்கள். மொத்தம் 6.7 கெல்வின். வளிமண்டலத்துக்கு 2.3, ஆன்டெனாவின் உலோக இழப்புக்கு 0.8 என்று கழித்தார்கள். சுமார் 3.5 கெல்வினுக்கு உரிமையாளர் இல்லை. அதுதான் பிரபஞ்சப் பின்னணிக் கதிர்வீச்சு, பெருவெடிப்பின் மிச்சம். ஆன்டெனாவிலிருந்து புறா எச்சத்தைச் சுரண்டிய கதையைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது அந்த 0.8. அதைக் குத்துமதிப்பாக 4 என்று போட்டிருந்தால் அரை கெல்வின்கூட மிஞ்சியிருக்காது.