கியூபா சுருட்டு: கேட்டவையும் பதில்களும்

கியூபாப் புகையிலை பற்றி வந்த கேள்விகளுக்கு வரிசையாகப் பதில் எழுதுகிறேன்.

அண்ணா, கியூபாவில் எங்கே விளைந்தாலும் ஒரே தரம்தானா?

இல்லை தம்பி. பேர் வாங்கித் தந்தது மேற்குக் கோடியில் உள்ள பினார் தெல் ரியோ மாகாணம். அதற்குள் வுவெல்தா அபாஹோ என்ற புகையிலை வட்டாரம், அதிலும் சான் லூயிஸ், சான் ஹுவான் இ மர்தினேஸ் என்ற இரண்டு ஊர்ப் பக்கம்தான் உச்சம். செம்மண் கலந்த மணற்பாங்கான நிலம், தண்ணீர் தேங்காது. மழை ஓய்ந்து அக்டோபர் வாக்கில் நட ஆரம்பித்தால் ஜனவரியிலிருந்து இலை ஒடிக்கலாம்.

வயலுக்கு மேலே வெள்ளைத் துணிப் பந்தல் எதற்கு?

சுருட்டின் மேலே சுற்றும் இலைக்காக. துணி வெயிலைத் தணிப்பதால் இலை மெல்லிசாக, அகலமாக, நரம்பு தடிக்காமல் வரும். உள்ளே வைக்கும் இலை திறந்த வெயிலில் வளர்வது. ஒரே செடியில் அடியிலை நன்றாக எரியும், நடுவிலை மணக்கும், உச்சியிலை காரம். அதனால் மொத்தமாக அறுக்காமல் கீழிருந்து மேலாக, இடைவெளி விட்டு, இரண்டு மூன்று இலையாக ஒடிக்கிறார்கள். இதற்கு முன்பே மொட்டைக் கிள்ளி, பக்கக் கொழுந்துகளை ஒடித்து, அவை திரும்ப முளைக்க முளைக்க அத்தனை செடியிலும் கையாலேயே ஒடித்து... சுருட்டின் விலையைப் பார்த்து வாயைப் பிளப்பவர்கள் இந்த வேலையை ஒரு நாள் பார்க்க வேண்டும்.

பெண்கள் தொடையில் வைத்து உருட்டுவார்களாமே?

கட்டுக்கதை. நடு நரம்பை உருவும் பெண்கள் இலைகளை மடியில் அடுக்கிக்கொள்வதைப் பார்த்து யாரோ கிளப்பியிருக்க வேண்டும். சுருட்டுவது மேசைப் பலகையில், சவேத்தா என்ற வளைந்த தகட்டுக் கத்தியை வைத்து. காரமான இலை நடுவில் வருகிற மாதிரி உள்ளிலைகளை ஒவ்வொன்றாக மடித்து உள்ளங்கையில் சேர்ப்பார்கள். புகை போக வழி இருக்க வேண்டும், இறுக்கினால் இழுக்க முடியாது, தளர்ந்தால் சூடேறிக் கசக்கும். அப்புறம் கட்டு இலையில் சுற்றி, மர அச்சில் அழுத்தி எடுத்து, மேலிலையைப் பட்டையாக வெட்டிச் சாய்வாகச் சுற்றி, தலையில் அதே இலையின் சிறு வட்டத்தை ஒட்டினால் முடிந்தது. விரல் நுனிதான் அளவுகோல்.

ஆலையில் புத்தகம் வாசித்துக் காட்டுவது உண்மையா?

உண்மை, எனக்கு இதில் ரொம்பப் பிடித்ததே அதுதான். 1865-இல் ஹவானாவின் எல் ஃபிகாரோ ஆலையில் தொடங்கியது. வாசிப்பவருக்குக் கூலியைத் தொழிலாளர்களே தங்கள் சம்பளத்திலிருந்து கொடுத்தார்கள், எந்தப் புத்தகம் என்பதையும் அவர்களே முடிவு செய்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரும் அன்றைய செய்தியையும் நாவலையும் காதால் கேட்டுத் தெரிந்துகொண்டார். அப்போது கியூபாவை ஆண்ட ஸ்பெயின் அரசு மிரண்டு அடுத்த வருடமே தடை போட்டது, ஆனாலும் வழக்கம் சாகவில்லை, புலம்பெயர்ந்த தொழிலாளர்களோடு அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் உள்ள கீ வெஸ்ட், தாம்பா வரை போனது. ஸ்பெயினுக்கு எதிரான போராட்டத்துக்குக் கியூப விடுதலைத் தலைவர் ஹோசே மார்த்தி ஆதரவு திரட்டியதும் அந்தச் சுருட்டுத் தொழிலாளர்களிடம்தான். வாசிப்பு பிடித்திருந்தால் சவேத்தாவைப் பலகையில் தட்டுவார்கள், அதுதான் கைதட்டல். மோந்தேகிறிஸ்தோ என்ற சுருட்டின் பெயரே இப்படிக் கேட்ட, பிரெஞ்சு எழுத்தாளர் துமாவின் ‘மாண்டி கிறிஸ்டோ பிரபு’ நாவலிலிருந்து வந்தது என்பார்கள்.

விவசாயிகள் எப்போதும் அரசுக்கு அடங்கித்தான் இருந்தார்களா?

இல்லவே இல்லை. 1717-இல் ஸ்பெயின் அரசு புகையிலையைத் தான் மட்டுமே வாங்கலாம் என்று ஏகபோகமாக்கியதும் பயிரிட்டவர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். 1723-இல் சிலருக்கு மரண தண்டனையே கிடைத்தது. ஏகபோகம் ஒழிய 1817 ஆனது.

இப்போது நிலைமை எப்படி ஐயா?

நிலம் பெரும்பாலும் சிறு விவசாயிகள் கையில், ஆனால் விளைச்சலில் பெரும்பகுதியை அரசுக்கே விற்க வேண்டும். 2022 செப்டம்பரில் இயான் புயல் நேராகப் பினார் தெல் ரியோவில் கரையேறி ஆயிரக்கணக்கான உலர்த்தும் கொட்டகைகளைச் சாய்த்தது. கோர்த்துத் தொங்கவிட்ட இலை வாரக்கணக்கில் அந்த மரக் கொட்டகையில்தான் பச்சையிலிருந்து பழுப்பாகும், கொட்டகை இல்லாமல் நட்டுப் பயனில்லை. அதனால் நடவைக் குறைத்துக்கொண்டு முதலில் கொட்டகைகளைக் கட்டினார்கள். மரமும் ஆணியும் கிடைப்பதே அங்கே பெரும்பாடு.