புலத்தைச் சேர்த்தால் கம்பைலர் சொல்லுமா?

கேள்வி: மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடைக்கு சி++17 மொழியில் பில் மென்பொருள் எழுதிக் கொடுத்தேன். ஒரு விற்பனையின் விவரங்களைச் சேர்த்து வைக்கும் 'சீட்டு' என்ற ஸ்ட்ரக்டில் 'கூலி' என்ற புலத்தைப் புதிதாகச் சேர்த்தபோது பில்லில் அச்சிட்டேன். கோப்பில் சேமிக்க மறந்துவிட்டேன். மறுநாள் திறந்தால் கூலி எல்லாம் பூஜ்யம். நிரலை இயங்கும் வடிவுக்கு மாற்றும் கம்பைலர் இதைப் பிடிக்காதா? ஜிக் மொழிக்கு மாறலாமா?

பதில்: மாற வேண்டாம். சீட்டில் எத்தனை புலங்கள், என்னென்ன வகை என்பது கம்பைலருக்கு அத்துப்படி. அதை உங்கள் நிரல் கேட்டுப் பெறத்தான் சி++17இல் நேர்வழி இல்லை. ஜிக், டி மொழிகளில் உண்டு: கம்பைல் ஆகும்போதே புலங்களை ஒவ்வொன்றாக எடுத்து, சேமிக்கும் வரிகளை உருவாக்கிக்கொள்ளலாம். ரஸ்ட் மொழியில் நிரல் வரிகளை உருவாக்கித் தரும் மேக்ரோவுக்கு அவ்வளவு பார்வை கிடையாது. எழுதியிருக்கும் பெயர்களைப் பார்க்கும், அந்தப் பெயருக்குப் பின்னால் இருக்கும் வகையை அறியாது. சி++26 தரத்துக்கும் இப்படிப் புலங்களைக் கேட்டுப் பெறும் ரிஃப்ளெக்‌ஷனை 2025 ஜூனில் சோஃபியாவில் நடந்த சி++ தரக் குழுக் கூட்டத்தில் ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் விவசாயியின் அன்றாடக் கணக்கு ஓடும் கடையில் அதை இப்போதே இறக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இன்று மாலைக்குள் இதைச் செய்யுங்கள். சேமிக்கும், படிக்கும், அச்சிடும் மூன்று ஃபங்ஷன்களிலும் முதல் வரியாக இதை எழுதுங்கள்:

auto& [பூ, எடை, விலை, கமிஷன், கூலி] = சீட்டு;

பெயர்களின் எண்ணிக்கையும் புலங்களின் எண்ணிக்கையும் ஒத்திருந்தே ஆகவேண்டும். நாளை 'முன்பணம்' என்று ஆறாவது புலம் வந்தால் மூன்று இடத்திலும் கம்பைல் நின்றுவிடும். பெயரை மட்டும் சேர்த்துவிட்டுக் கோப்பில் எழுதாமல் விட்டால் கம்பைலர் பேசாது. ஆனாலும் உங்களை அந்த வரிக்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கும். ஸ்ட்ரக்டின் அளவைச் சோதித்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள். நம்பாதீர்கள். ஆம்/இல்லை என்று மட்டும் வைக்கும் பூலியன் புலம் ஒன்று, புலங்களுக்கு நடுவே கம்பைலர் காலியாக விடும் இடைவெளி பைட்டில் உட்கார்ந்துகொண்டால் அளவு மாறவே மாறாது.

நான் அதிகம் பயப்படுவது வரிசை மாறுவதற்குத்தான். மேலே சொன்ன வரியில் பெயர்கள் புலங்களின் வரிசைப்படிதான் பொருந்தும். எடை, விலை இரண்டும் டபுள் என்ற ஒரே தசம எண் வகை. ஸ்ட்ரக்டில் அவற்றை யாராவது இடம் மாற்றினால், 40 கிலோ 600 ரூபாய் என்பது 600 கிலோ 40 ரூபாய் என்று அச்சாகும். பெருக்கினால் 24,000 என்ற அதே தொகைதான் வரும் என்பதால் கடையில் ஒருவருக்கும் சந்தேகம் வராது. எடைக்குக் கிலோ, விலைக்கு ரூபாய் என்று தனித்தனி ஸ்ட்ரக்ட் வகை வையுங்கள். அச்சிடும் ஃபங்ஷன் கிலோவை எதிர்பார்க்கும் இடத்தில் ரூபாயைக் கொடுத்தால் கம்பைலர் அங்கேயே மறுத்துவிடும்.