குக்கர் விசிலுக்கே எரிந்து விழுகிறேன்

அன்புள்ள அக்கா,

எனக்கு 36 வயது. வீடு கோலாலம்பூர் பக்கத்தில், பூச்சோங்கில். ஒன்பது வருடமாகத் துணை விமானியாக இருக்கிறேன்.

போன மாதம் ஒரு சென்னை டியூட்டி. ராத்திரி ஒன்பதரைக்குக் கிளம்பி, அங்கே ஒரு மணி நேரம் நின்று, காலை ஆறரைக்குத் திரும்ப கேஎல்ஐஏவில், அதாவது கோலாலம்பூர் விமான நிலையத்தில், இறங்க வேண்டும். சென்னைக்குப் போகிறவன் தி. நகரில் ஒரு சேலையாவது வாங்கி வரமாட்டானா என்று அம்மாவுக்கு இன்னும் குறை. நான் காக்பிட்டை விட்டு எழுவதே பாத்ரூமுக்குத்தான். அன்று மகளைப் பள்ளியில் விட ஆறு மணிக்கே எழுந்துவிட்டேன், மதியம் படுத்தும் தூக்கம் வரவில்லை. டியூட்டி முடிந்து காரோட்டி வந்து வீட்டு கேட்டைத் திறக்கும்போதுதான் உறைத்தது, டோல் தாண்டிய ஞாபகமே இல்லை. டோல் கட்டும் ‘டச் அண்ட் கோ’ கணக்கில் பார்த்தால் 7.48க்குப் பணம் கழிந்திருக்கிறது.

நான் பகலில் தூங்கும் நாளில் மனைவி பருப்புகூட வேக வைப்பதில்லை. ஒருமுறை குக்கர் விசிலுக்கு எழுந்து வந்து அப்படிக் கத்தினேன், மகள் மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

களைப்பு என்று எழுதிக் கொடுத்து விலகிக்கொள்ள எங்களுக்குப் படிவம் உண்டு. எழுதினால் கேப்டன் ஆகும் நேரத்தில் பெயர் அடிபடுமோ என்று பயம். “எங்க காலத்துல யாரு இதெல்லாம் கேட்டா, ஒரு கோப்பி குடி” என்கிறார் ஒரு மூத்த கேப்டன். நான்தான் பலவீனமானவனா, அல்லது எனக்கு மனநோயா?

- பூச்சோங் வாசகர்

அன்புள்ள தம்பி,

முதலில் மணியைக் கணக்குப் போடுங்கள். காலை ஆறு மணிக்கு எழுந்தவருக்கு இரவு பதினொன்றுக்கு 17 மணி நேரம் ஆகிவிடுகிறது, நீங்கள் அப்போது கடலுக்கு மேலே, போகிற வழியில்தான் இருக்கிறீர்கள். 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன் ரத்தத்தில் 0.05 சதவீத மது உள்ளவரின் அளவுக்குக் குறைந்துவிடுவதாக 1997இல் ஆஸ்திரேலியாவில் நடந்த ஆய்வு காட்டியது. 2020 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு நம் மலேசியாவில் காரோட்டிகளுக்கான வரம்பே அவ்வளவுதான். நீங்கள் டோல் தாண்டும்போது இருபத்தைந்து மணி நேரத்துக்கும் மேல் விழித்திருக்கிறீர்கள். இதில் பலவீனம் எங்கே வந்தது? உடம்புக் கடிகாரம் மிகவும் சரிவது இரவு இரண்டிலிருந்து ஆறு வரை, சரியாக நீங்கள் திரும்பி வரும் நேரம். அப்புறம் வீட்டுக்கு வந்து படுத்தால், வெயில் ஏற ஏற உடம்பு எழுந்திரு என்கிறது, தூக்கம் மேலோட்டமாகத்தான் இருக்கும். விசில் காதில் விழாமல் என்ன செய்யும்.

2024 ஜனவரியில் இந்தோனேசியாவில் விமானி இருவருமே 28 நிமிடம் தூங்கிப்போன சம்பவம் உங்களுக்கும் தெரிந்திருக்கும். கேப்டன் சொல்லிவிட்டு ஓய்வெடுத்தார், துணை விமானி தன்னையறியாமல் தூங்கினார். அவர் வீட்டில் ஒரு மாத இரட்டைக் குழந்தைகள். பொறுப்பில்லாதவர் என்று அவரை என்னால் திட்ட முடியவில்லை, நீங்களும் திட்டமாட்டீர்கள் என்றே நினைக்கிறேன். உங்களை மட்டும் ஏன் திட்டிக்கொள்கிறீர்கள்?

படிவத்தை எழுதுங்கள். பெயர் அடிபடவே படாது என்று என்னால் உறுதி தர முடியாது, அந்தப் பயம் பொய்யும் இல்லை. ஆனால் தகுதியில்லாத நிலையில் பறக்கக் கூடாது என்பது உங்கள் உரிமத்தோடு வந்த கடமை. ‘களைப்பு’ என்று ஒற்றை வார்த்தையில் முடிக்காமல் எப்போது எழுந்தேன், எத்தனை மணி நேரம் தூங்கினேன் என்று எண்ணோடு எழுதுங்கள். விமானிகள் சங்கம் இருந்தால் அவர்களிடமும் ஒரு வார்த்தை. மூத்த கேப்டனுடைய கோப்பி ஒரு மணி நேரத்தைத் தள்ளிவிடும், தூக்கக் கடனை அடைக்காது; விடியற்காலையில் குடித்தால் வீட்டில் வரவேண்டிய தூக்கத்தையும் கெடுக்கும்.

ராத்திரி டியூட்டி முடிந்து கார் ஓட்டாதீர்கள். இதில் மட்டும் நான் பிடிவாதம். கிராப் டாக்சி பிடியுங்கள், அல்லது அங்கேயே ஓய்வறையில் ஒரு தூக்கம் போட்டுவிட்டுக் கிளம்புங்கள். தூக்க மாத்திரை வேண்டும் என்று தோன்றினால் விமானிகளைப் பரிசோதிக்கும் மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள். குறட்டை அதிகமா என்று மனைவியிடம் கேட்டுவிட்டுப் போங்கள், அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

மனநோயா என்று கேட்டீர்கள். தொடர்ந்து மூன்று நான்கு இரவு நன்றாகத் தூங்கிய பிறகும் எதிலும் பிடிப்பில்லாமல் எரிச்சலாகவே இருந்தால், அது களைப்பு மட்டுமல்ல, உடனே மருத்துவரைப் போய்ப் பாருங்கள். இப்போதைக்கு உங்கள் கடிதத்தில் நான் பார்ப்பது தூக்கமில்லாத மனுஷனை.

மகளிடம் மன்னிப்புக் கேட்டீர்களா? கடிதத்தில் அது இல்லை. டியூட்டி ரோஸ்டரை ஃபிரிஜ் கதவில் ஒட்டி, அப்பா பகலில் தூங்கும் நாளுக்கு அவளையே வண்ணம் அடிக்கச் சொல்லுங்கள். பருப்பை முதல் நாளே வேக வைத்துக்கொள்ளலாம்.