வேறு நோய் இருக்கும் குழந்தைக்கு டி.பி. வந்தால்: குழந்தை மருத்துவரிடம் கேட்டவை

மகனுக்கு 6 வயது, நெஃப்ராட்டிக் சிண்ட்ரோம் (சிறுநீரில் புரதம் ஒழுகும் சிறுநீரக நோய்), ஸ்டீராய்டு ஓடுகிறது. வீட்டில் தாத்தாவுக்குச் சளியில் டி.பி. உறுதியாகிவிட்டது. மகனுக்கு மாண்டோ (டி.பி.க்காகக் கையில் போடும் ஊசிச் சோதனை) நெகட்டிவ். பயமில்லைதானே டாக்டர்?

நெகட்டிவ் என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள் அம்மா. எதிர்ப்புச் சக்தி வேலை செய்தால்தான் ஊசி போட்ட இடம் தடிக்கும், அந்தச் சக்தியைத்தான் ஸ்டீராய்டு அடக்கி வைத்திருக்கிறது, அதனால் கிருமி உள்ளே இருந்தாலும் கை சும்மா இருக்கலாம். காய்ச்சல், இருமல், எடை, நெஞ்சு எக்ஸ்-ரே எல்லாம் பார்த்து நோய் இல்லை என்று தெரிந்த பிறகு தடுப்பு மருந்து தருவோம். பெரும்பாலும் ஐசோநயாசிட், தினமும் கிலோவுக்கு 10 மி.கி. கணக்கில் 6 மாதம்.

எங்கள் பெண்ணுக்கும் அதே சிறுநீரகப் பிரச்சினை. டி.பி. மருந்து ஆரம்பித்து மூன்று வாரம், மறுபடி முகம் வீங்குகிறது.

டி.பி. மருந்துகளில் ஒன்றான ரிஃபாம்பிசின் காரணமாக இருக்கலாம். அது கல்லீரலைத் தூண்டிவிட்டு பிரெட்னிசோலோன் என்கிற ஸ்டீராய்டைச் சீக்கிரமே கரைத்துவிடும், அதே மாத்திரை, ஆனால் உடம்பில் நிற்பது குறைவு. தினமும் காலையில் சிறுநீரைச் சோதனைக் குழாயில் சூடாக்கிப் பார்ப்பீர்கள் அல்லவா, புரதம் போய்ப் பால் மாதிரி வெளுத்துத் திரிகிறதா என்று குறித்து இன்றைக்கே சிறுநீரக மருத்துவரிடம் காட்டுங்கள், ஸ்டீராய்டு அளவை அவர் மாற்றுவார். தயவுசெய்து டி.பி. மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். சிறுநீர் ஆரஞ்சாகப் போவதும் ரிஃபாம்பிசினால்தான், அது ரத்தம் இல்லை.

அக்கா மகளுக்கு எச்.ஐ.வி. உண்டு. டி.பி. மாத்திரையும் சேர்த்துக் கொடுக்கலாமா?

கொடுக்கத்தான் வேண்டும். எச்.ஐ.வி.க்கு டோலுடெக்ராவிர் மாத்திரை சாப்பிடுகிறாள் என்றால், ரிஃபாம்பிசின் ஓடும் வரை அதை ஒரு வேளைக்குப் பதில் இரண்டு வேளையாக மாற்றுவார்கள். எச்.ஐ.வி. மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையத்துக்குத் தெரியாமல் டி.பி. மருந்து ஓடக்கூடாது. ஐசோநயாசிடால் நரம்பு பாதிக்காமல் இருக்க பி6 வைட்டமினும் சேர்த்துக் கேளுங்கள்.

3 வயதுப் பையன் சாப்பிடவே மாட்டான், எலும்பும் தோலுமாக இருக்கிறான். பிரைமரி காம்ப்ளக்ஸ் (குழந்தைகளுக்கு வரும் ஆரம்ப டி.பி.), 6 மாதம் மருந்து கொடு என்கிறார்கள் சொந்தக்காரர்கள்.

சாப்பிடாத குழந்தைக்கெல்லாம் பிரைமரி காம்ப்ளக்ஸ் என்று பேர் வைப்பது எனக்கு நிஜமாகவே வருத்தம் தருகிறது. ஆனால் ஊட்டச்சத்துக் குறைந்த குழந்தைக்கு டி.பி. சுலபமாக வரும், அதனால் சோதிக்காமல் விடவும் கூடாது. இந்த வயதில் சளியைத் துப்பத் தெரியாது, விழுங்கிவிடும். விடிகாலையில் வெறும் வயிற்றில் மூக்கு வழியாக மெல்லிய குழாய் விட்டு இரைப்பை நீரை எடுத்து, டி.பி. கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் சோதனைக்கு அனுப்புவார்கள். குழந்தை அழும், மடியில் இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள், சில நிமிட வேலைதான். டி.பி. என்று உறுதியானால் மருந்து இலவசம், அரசின் ஊட்டச்சத்து உதவி மாதம் 1,000 ரூபாயும் உண்டு.

6 மாதமும் ஒரே டோஸா?

இல்லை. ஒவ்வொரு முறையும் எடை பார்க்கச் சொல்லுங்கள். சத்து ஏறி எடை கூடினால் மாத்திரையும் கூடும்.