மாத்திரை அளவு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வீடியோ பார்த்து ஒரு வாரமாகப் பிராணாயாமம் செய்கிறேன். 16 செகண்ட் இழுத்து, 64 செகண்ட் அடக்கி, 32 செகண்டில் விட வேண்டுமாம். மூன்றாவது சுற்றிலேயே கண் இருட்டுகிறது, காது அடைக்கிறது. திருமூலரே சொன்ன கணக்கு என்கிறார்கள். எங்கே தவறு? (வாசகர், ஈரோடு)

பதில்: கணக்கு திருமூலருடையதுதான். இடது நாசியில் பூரகம் (இழுப்பது) 16, கும்பகம் (அடக்குவது) 64, வலது நாசியில் ரேசகம் (விடுவது) 32. ஆனால் அவர் சொன்னது மாத்திரை; நீங்கள் எண்ணுவது செல்போன் கடிகாரத்தின் செகண்ட். பள்ளிக்கூடத்தில் எழுத்திலக்கணத்தில் படித்த அதே மாத்திரை: கண் ஒரு தடவை இமைக்கும் நேரம், விரல் ஒரு தடவை நொடிக்கும் நேரம். 'க' என்றால் ஒன்று, 'கா' என்றால் இரண்டு. யோக நூல்களில் இதைவிட நீண்ட மாத்திரையும் உண்டு: முழங்காலைக் கையால் ஒரு சுற்றுத் தடவி, ஒரு சொடுக்குப் போடும் நேரம். எந்த மாத்திரையானாலும் அது கைவந்தவருக்கான கணக்கு. உங்கள் கணக்கில் ஒரு மூச்சுக்கு 112 செகண்ட் ஆகிறது. சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவர் அதற்குள் இருபது மூச்சாவது விட்டிருப்பார். ஒரே வாரத்தில் உடம்பு இதற்கு எப்படி இணங்கும்?

கண் இருட்டுவதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். அடக்கப் போகிறோம் என்ற பயத்தில் முன்கூட்டியே பெரிது பெரிதாக மூச்சை வாங்கி விடுகிறோம். அதில் ரத்தத்தில் உள்ள கரியமில வாயு குறைந்து, மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்கும். இல்லையென்றால், தொண்டையை இறுக்கி மார்பை முட்டிக்கொண்டு அடக்குகிறோம். அப்போது இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறையும். நீங்கள் இரண்டையும் சேர்த்தே செய்வதுபோல் தெரிகிறது.

முதலில் கும்பகத்தை அடியோடு நிறுத்துங்கள். சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்து முதுகை நிமிர்த்தி உட்காருங்கள். வலது கையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மடக்கிக்கொண்டால், கட்டை விரல் வலது நாசிக்கு, மோதிர விரல் இடது நாசிக்கு. மூடுகிற விரல் நாசியின் எலும்பு முடியும் இடத்துக்குக் கீழே, மெத்தென்ற பகுதியில் லேசாகப் பட்டால் போதும்; மூக்கு வளையக் கூடாது. இடதில் 4 எண்ணி இழுத்து வலதில் 8 எண்ணி விடுங்கள். பிறகு வலதில் 4, இடதில் 8. இது ஒரு சுற்று. நாளுக்கு ஐந்து நிமிடம், குறைந்தது ஒரு மாதம். அதன் பிறகு வேண்டுமானால் நடுவில் 4 எண்ணிக்கை மட்டும் நிறுத்திப் பாருங்கள். நிறுத்தியது அதிகமா என்பதை அடுத்து விடும் மூச்சே சொல்லிவிடும். ஒழுங்காக இறங்காமல் புஸ்ஸென்று வெளியே பாய்ந்தால் அதிகம். ஒரு படி இறங்க வேண்டும். ரத்த அழுத்தம், இதய நோய், கண் நீர் அழுத்தம் உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அடக்கும் வேலையே வேண்டாம்.

சிங்கத்தையும் யானையையும் புலியையும் பழக்குவதுபோல மெல்ல மெல்லத்தான் மூச்சைப் பழக்க வேண்டும், அவசரப்பட்டால் பழக்குபவனையே கொன்றுவிடும் என்று ஹடயோகப் பிரதீபிகை என்ற பழைய யோக நூல் எச்சரிக்கிறது. வீடியோ போடுகிறவர்கள் இந்த ஒரு வரியை மட்டும் விட்டுவிடுகிறார்கள்.

கேள்வி: இரவுப் பணி முடிந்து வீடு சேர 3.30 ஆகிறது. பிரம்ம முகூர்த்தத்தில் எழாதவனுக்குத் தியானம் பலிக்காது என்கிறார் மாமனார். (வாசகர், சென்னை)

பதில்: ஒரு முகூர்த்தம் 2 நாழிகை, அதாவது 48 நிமிடம். சூரிய உதயத்துக்கு முந்தைய முகூர்த்தத்தை விட்டுவிட்டு, அதற்கும் முந்தையதைப் பிடித்தால் அதுதான் பிரம்ம முகூர்த்தம். உதயம் 6.00 என்றால் 4.24 முதல் 5.12 வரை. சென்னையில் மே கடைசியில் உதயம் 5.42 வாக்கில், ஜனவரி கடைசியில் 6.35 வாக்கில். ஆக முகூர்த்தமும் ஐம்பது நிமிடத்துக்கு மேல் நகரும். வருடம் முழுக்க 4.30-க்கு அலாரம் வைக்கிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

உங்களுக்கு வேண்டியது தூக்கம். அதிகம் தூங்குகிறவனுக்கும் யோகம் இல்லை, தூக்கத்தைத் தொலைக்கிறவனுக்கும் இல்லை என்று கீதை ஆறாம் அத்தியாயமே சொல்கிறது. நான்கு மணிக்குப் படுத்துப் பதினொன்றரைக்கு எழுந்தால், எழுந்த முதல் அரை மணிதான் உங்களுக்கு விடியற்காலை. அந்த நேரத்தில் போன் அடுத்த அறையில் இருக்கட்டும். மாமனாரோடு வாதம் வேண்டாம். அவருக்கு அவருடைய 4.24 சரி.

கேள்வி: எனக்குச் சர்க்கரை நோய், வயது 58. வைகுண்ட ஏகாதசிக்கு முழு உபவாசம் இருக்க ஆசை. மாத்திரையை அன்று ஒருநாள் நிறுத்தினால் போதுமா? (வாசகி, ஸ்ரீரங்கம்)

பதில்: முதலில் விதி. எட்டு வயதுக்கு மேல், எண்பது நிறையாதவர்களுக்குத்தான் ஏகாதசி விரதம் விதிக்கப்பட்டிருக்கிறது. நோயாளிக்கு விலக்கு உண்டு. முழு உபவாசம் முடியாதவருக்குப் பால், பழம், ஒருவேளை உணவு என்று படிகளும் சாஸ்திரத்திலேயே இருக்கின்றன. இறங்கிய படியில் நிற்பது குறைவு அல்ல.

அடுத்து மாத்திரை. நீங்களாக எதையும் நிறுத்தக் கூடாது. மெட்ஃபார்மின் மட்டும் என்றால் சர்க்கரை திடீரென்று இறங்குவது அரிது. கிளிமிபிரைடு வகை மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு வெறும் வயிற்றோடு இருந்தால் இறங்கிவிடும். தசமிக்கு இரண்டு நாள் முன்பே மருத்துவரிடம் சீட்டைக் காட்டி, அன்றைக்கு எது, எவ்வளவு என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வேர்வை, கை நடுக்கம், படபடப்பு வந்தால் உடனே சர்க்கரை அளவைப் பாருங்கள். 70-க்குக் கீழே போனால் விரதம் அங்கேயே முடிந்தது. மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடத்தில் மறுபடி பார்க்க வேண்டும். சொர்க்கவாசல் வரிசையில் நிற்கும்போது சர்க்கரைப் பொட்டலம் இடுப்பில் இருக்கட்டும்.

இதற்கு நேர் எதிரான தவறுதான் வீடுகளில் அதிகம். அரிசி கூடாது என்று ஜவ்வரிசி உப்புமா, உருளைக்கிழங்கு வறுவல், வாழைப்பழம் என்று நாள் முழுக்க நடக்கும். ஜவ்வரிசி ஏறக்குறைய முழுக்க மாவுச்சத்து. சோற்றைப் போலவே அதுவும் ரத்தச் சர்க்கரையை ஏற்றும். ஒரு டம்ளர் பாலும் ஒரு கொய்யாவும் எவ்வளவோ மேல்.

துவாதசி பாரணையை, அதாவது மறுநாள் விரதம் முடித்துச் சாப்பிடுவதை, காலையிலேயே, பஞ்சாங்கத்தில் போட்டிருக்கும் நேரத்துக்குள் முடியுங்கள். அகத்திக்கீரை, நெல்லிக்காய்ப் பச்சடி, சுண்டைக்காய், புளி சேர்க்காத சமையல் என்று பெரியவர்கள் வைத்த பட்டியல், காய்ந்த வயிற்றுக்கு இதமானது. அதன் பின்னால் பாயசத்தைக் கொண்டு வருவது நம் சொந்தச் சேர்க்கை.

கேள்வி: மூன்று வருடமாகச் சம்பள உயர்வு இல்லை. கேட்டால், 'கடமையைச் செய், பலனை எதிர்பாராதே என்று கீதை சொல்கிறதே' என்கிறார் மேலாளர். (வாசகர், கோவை)

பதில்: அந்தச் சுலோகம் இரண்டாம் அத்தியாயம், 47. அதில் நான்கு துண்டுகள் இருக்கின்றன. செயலில்தான் உனக்கு அதிகாரம். பலனில் ஒருபோதும் இல்லை. பலனுக்குக் காரணன் நானே என்று இருக்காதே. சும்மா இருப்பதிலும் பற்று வைக்காதே. தமிழ்ப் பொன்மொழி முதல் இரண்டை எடுத்துக்கொண்டு, 'அதிகாரம் இல்லை' என்பதை 'எதிர்பாராதே' என்று மாற்றிவிட்டது. இரண்டும் ஒன்றல்ல. நெல் விதைத்தவன் விளைச்சலை எதிர்பார்க்காமல் விதைப்பதில்லை. மழை மட்டும் அவன் சொன்னபடி பெய்யாது.

கூலியோ இன்னொரு விஷயம். அது இருவர் பேசிக்கொண்ட ஒப்பந்தம். வேலை செய்கிறவன் தனக்குத்தானே சொல்லிக்கொள்ள வேண்டிய வரியை, கூலி கொடுக்க வேண்டியவர் சொன்னால் அதற்குப் பெயர் ஆன்மிகம் இல்லை.

பதினெட்டாம் அத்தியாயத்தில் ஒரு செயலுக்கு ஐந்து காரணங்கள் சொல்லப்படுகின்றன: இடம், செய்கிறவர், கருவிகள், பலவகை முயற்சிகள், தெய்வம். ஒரு தாளில் ஐந்தையும் எழுதி உங்கள் விஷயத்தை நிரப்பிப் பாருங்கள். இடம் என்ற வரியில் கம்பெனி இந்த வருடம் லாபத்திலா நஷ்டத்திலா என்று வரும். கருவி என்ற வரியில், நீங்கள் முடித்த வேலைகளின் பட்டியல் கையில் இருக்கிறதா என்று வரும். முயற்சி என்ற வரியில், இதுவரை எழுத்தில் கேட்டிருக்கிறீர்களா, வாய்ச்சொல்லா என்று வரும். பலரும் தடுக்கி விழுவது இந்த வரியில்தான். தேதி போட்டு, தொகை போட்டு, ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். அனுப்பிவிட்டு மணிக்கொரு தடவை இன்பாக்ஸைத் திறந்து பார்க்கிறீர்களே, அங்கேதான் 47-ஆம் சுலோகத்துக்கு வேலை.

இன்னொன்று. 'எது நடந்ததோ, அது நன்றாகவே நடந்தது' என்று கடைக் கல்லாவுக்கு மேலே மாட்டியிருக்கும் கீதாசாரம், கீதையின் 700 சுலோகங்களில் எங்குமே இல்லை. மேலாளர் அடுத்து அதை எடுத்தால் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: 'நான் யார், நான் யார்' என்று அரை மணி நேரம் சொல்கிறேன். தூக்கம்தான் வருகிறது. (வாசகி, திருநெல்வேலி)

பதில்: வராமல் என்ன செய்யும்? அது மந்திரம் அல்ல. 1901-02-இல் சிவப்பிரகாசம் பிள்ளை என்ற அன்பர் கேட்ட கேள்விகளுக்கு ரமணர் எழுதிக் காட்டிய பதில்களில் வழி தெளிவாகவே இருக்கிறது. ஒரு நினைவு எழுந்தால் அதைத் துரத்திக்கொண்டு போகாமல், 'இது யாருக்கு?' என்று கேட்க வேண்டும். 'எனக்கு' என்று தோன்றும். அந்த 'நான்' எங்கிருந்து கிளம்புகிறது என்று கவனத்தைத் திருப்ப வேண்டும். வாயில் வரும் பதிலுக்கு இங்கே மதிப்பில்லை.

எனவே நினைவே எழாத மத்தியானச் சோம்பலில் உட்காராதீர்கள். பால் பொங்கி வழிந்து, 'யார் அடுப்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னது' என்று பக்கத்து அறையிலிருந்து குரல் வரும்போது, சுருக்கென்று ஒன்று கிளம்புமே, அப்போது கேளுங்கள். ஐந்து செகண்ட் போதும். பிறகு அடுப்பைத் துடையுங்கள்.

கேள்வி: ஜபம் செய்யும்போது ருத்திராட்ச மாலை அறுந்துவிட்டது. அபசகுனமா? (வாசகர், காரைக்குடி)

பதில்: நூல் இற்றுப்போயிருக்கிறது. தினமும் 108 மணி உருட்டும் மாலையில் பருத்தி நூல் தேய்ந்து அறுவது இயல்பு. மணிகளை எண்ணிப் பாருங்கள், மேரு என்ற தலைமணியைச் சேர்த்து 109 இருக்க வேண்டும். மணிக்கு மணி முடிச்சுப் போட்டுக் கோக்கச் சொல்லுங்கள். அடுத்த தடவை அறுந்தாலும் சிதறாது. மேரு வந்ததும் தாண்டாமல் மாலையைத் திருப்பிக்கொள்கிறீர்கள் அல்லவா? அந்த இடத்தில்தான் நூல் அதிகம் முறுக்கேறும். அங்கே இரட்டை முடிச்சு.