இடி எப்போது விழ வேண்டும்?

கேள்வி: பேய்க்கதை ஒன்று எழுதிவருகிறேன். நாயகி அழும்போது மழை, கொலை நடக்கும்போது இடி, காதலர்கள் சேரும்போது நிலா என்று அமைத்திருக்கிறேன். ‘பழைய சினிமா மாதிரி இருக்கிறது’ என்கிறார் நண்பர். ‘ஃபிராங்கன்ஸ்டைன்’, ‘ஜேன் ஐர்’ எல்லாம் இப்படித்தானே?

பதில்: இல்லை. நண்பர் சொன்னதுதான் சரி.

ஃபிராங்கன்ஸ்டைனில் விக்டர் என்ற இளைஞன் உருவாக்கிய அந்த உருவம் கண் திறக்கும் இரவில் மின்னல் வெட்டியதாகத்தானே உங்கள் நினைப்பு? அது 1931இல் வந்த படம். 1818இல் வெளியான நாவலில் இருப்பது ஒரு நவம்பர் இரவு, மணி ஒன்று, ஜன்னலில் சிணுங்கும் மழை, அணையப்போகும் மெழுகுவத்தி. அவ்வளவுதான். அதை எழுதிய மேரி ஷெல்லிக்கு இடிமின்னல் தெரியாமலில்லை. 1815இல் தம்போரா எரிமலை வெடித்ததில் அடுத்த ஆண்டின் கோடையே கெட்டுப்போனது. ஜெனீவா ஏரிக்கரையில் அந்த ஓயாத மழைக்கு நடுவேதான் அவர் கதையைத் தொடங்கினார். அப்படியும் அந்த இரவில் மின்னலைக் கிட்டே விடவில்லை. தம்பி கொலையுண்ட செய்தி கேட்டு விக்டர் ஊர் திரும்பும்போதுதான் விடுகிறார். ஒரு வெட்டு வெளிச்சத்தில் உருவம் தெரிகிறது. கொன்றது யார் என்று அவனுக்குப் பிடிபட்டுவிடுகிறது. மின்னலுக்குக் கதையில் ஒரு வேலை இருக்கிறது.

‘ஜேன் ஐர்’ (1847) இன்னும் நல்ல பாடம். கோடை இரவு, தோட்டம், செஸ்ட்நட் மரத்தடி. ஜேன் வேலைபார்க்கும் வீட்டின் எஜமானர் ரோச்செஸ்டர் மணம் பேசுகிறார், ஜேன் சம்மதிக்கிறாள். உங்கள் கணக்குப்படி நிலா காய வேண்டிய இடம். நிலா மறையும் நேரம் வரவில்லை, ஆனாலும் அவர் முகம் தெரியாத அளவுக்கு இருட்டுகிறது, மரம் முறுக்கிக்கொண்டு முனகுகிறது, மழை கொட்டுகிறது. விடிந்ததும் வீட்டுச் சிறுமி ஓடிவந்து சொல்கிறாள்: மரத்தில் இடி விழுந்து பாதி பிளந்துவிட்டது. ஜேனுக்கோ அன்று மகிழ்ச்சி தாங்கவில்லை. ரோச்செஸ்டரின் மனைவி மாடியில் உயிரோடு இருப்பது அவளுக்குத் தெரியாது. இடி அவளுடைய மனநிலையைக் காட்டவில்லை. அவளுக்குத் தெரியாததைச் சொல்கிறது.

அந்த மரத்தை நாவலாசிரியர் சார்லட் பிராண்டே அதோடு விட்டுவிடவில்லை. திருமணத்துக்கு முந்தைய இரவு ஜேன் அதைப் போய்ப் பார்க்கிறாள்: கருகிய இரண்டு பாதிகள், அடியில் வேர் மட்டும் பிரியாமல் பிடித்திருக்கிறது. கடைசியில் பார்வையிழந்த ரோச்செஸ்டர் தன்னையே அந்த மரத்தோடு ஒப்பிட, ஜேன் மறுத்துப் பேசுகிறாள். ஒரே மரம், மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் வேறு பொருள்.

சரி, திருமணம் நின்றுபோகும் அன்று வானிலை என்ன? தேவாலயத்துக்கு நடந்தபோது வெயிலா மூட்டமா என்றே தெரியாது என்கிறாள் ஜேன். பிறகு அறையில் தனியாக உட்கார்ந்திருக்கும்போதுதான், நடுக்கோடையில் டிசம்பர் பனி விழுந்து பழுத்த ஆப்பிள்கள் உறைந்ததாக எழுதுகிறாள். பனி முழுக்க அவளுக்குள்ளே. வெளியே ஒரு பொட்டு விழவில்லை. அந்நாவலில் என்னை அசரவைக்கும் இடம் இது.

உங்கள் பாணியை 200 வருஷத்துக்கு முன்பே நாவலாசிரியர் ஜேன் ஆஸ்டென் ‘நார்த்தேங்கர் அபி’யில் கிண்டலடித்துவிட்டார்: புயல் இரவில் நாயகி நடுங்கிக்கொண்டே அலமாரியிலிருந்து எடுத்த மர்மச் சுவடி, காலையில் பார்த்தால் சலவைக் கணக்கு! இயற்கைக்கு மனித உணர்ச்சியை ஏற்றிச் சொல்வதற்கு 1856இல் ஆங்கில விமர்சகர் ரஸ்கின் ‘பதெட்டிக் ஃபாலசி’ என்று பெயரே வைத்தார். கடல் நுரைக்குக் கொடுமை கிடையாது, துக்கத்தில் இருப்பவர் கண்ணுக்குத்தான் அப்படித் தெரியும் என்பது அவர் வாதம். ஆகவே ‘காற்று ஓலமிட்டது’ என்று எழுதுமுன், கேட்பது யார் காது என்று பாருங்கள். பாத்திரத்தின் காது என்றால் இருக்கட்டும். உங்கள் காது என்றால் அடித்துவிடுங்கள்.

கொலைக் காட்சியிலிருந்து இடியை எடுத்து, அதற்கு இரண்டு அத்தியாயம் முன்னால், வீட்டில் எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்கும்போது வையுங்கள். அழுகைக் காட்சியில் நல்ல வெயில் அடிக்கட்டும். திருத்தியபின் அனுப்புங்கள், படிக்கிறேன்.